ஒபரேசனுக்குப் பிறகு நோயாளியே பட்டன் அமுக்கி வலி மருந்து எடுக்கும் பம்ப்: வாட்டில் நிற்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

லிந்துலை_மிஸ்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சத்திரசிகிச்சை வாட்டுக்கு பிசிஏ பம்ப் வரப்போகிறது என்று கதை அடிபடுகிறது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒபரேசன் முடிந்து வருபவரின் கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிடுவோம். வலித்தால் அவரே அமுக்குவார். பம்ப் ஒரு மில்லிகிராம் மோர்பினை நேராக நாளத்துக்குள் விடும். பிறகு ஐந்து நிமிடம் பூட்டிக்கொள்ளும், எத்தனை தரம் அமுக்கினாலும் ஒன்றும் வராது. வழமையான அளவு இதுதான், டொக்டர் வேறு மாதிரி எழுதினால் அதன்படி.

எங்கள் வாட்டில் பாதிக்கு மேல் தேயிலைத் தோட்டத்துச் சனம். இரவில் நாங்கள் இரண்டு பேர், கட்டிலோ நாற்பதுக்குக் கிட்ட. இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியும். வலிக்கிறது என்று ஒருவர் சொல்ல வேண்டும், அது என் காதில் விழ வேண்டும், மோர்பின் பூட்டி வைத்திருக்கும் அலுமாரிச் சாவி யாரிடம் என்று தேட வேண்டும், இரண்டாவது ஆள் வந்து பார்க்க வேண்டும், புத்தகத்தில் எழுத வேண்டும், அப்புறம்தான் மருந்தை உடைத்து ஏற்றலாம். தசையில் போட்ட ஊசி வேலை செய்யவே அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அந்த மனுஷி அழுது ஓய்ந்திருப்பார்.

கம்பெனிக்காரர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை வாசித்துவிட்டேன். அதில் எல்லாமே நல்லதாகத்தான் இருக்கிறது. பாவித்த தாதிமார் சொல்லுங்கள். நமக்கு வேலை குறையுமா, கூடுமா? நோயாளிக்கு உண்மையில் சுகமா?

லீட்ஸ்_அக்கா

கொட்டகலையில் பிறந்து இப்போது இங்கிலாந்தில் வாட்டில் நிற்கிறேன். இங்கே பெரிய வயிற்று ஒபரேசன் என்றால் பிசிஏ சர்வசாதாரணம். 50 மில்லிலீட்டர் சிரிஞ்சில் 50 மில்லிகிராம் மோர்பின், ஒரு அமுக்கலுக்கு ஒரு மில்லிகிராம். அதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

யோசனை புதிதல்ல. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் பிலிப் செக்சர் என்ற மயக்க மருந்து வைத்தியர், நோயாளி கேட்கும்போதெல்லாம் நாளத்தில் சிறு சிறு அளவாகக் கொடுத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் கொடுத்தது தாதிதான், மெஷின் பிறகு வந்தது. விற்பனைக்கு வந்த முதல் பம்ப் 1976இல் வேல்ஸ் நாட்டு கார்டிப்பில் செய்தது.

நல்லது என்று நான் நினைப்பது ஒன்று. வலி வந்த பிறகு மருந்து என்பது மாறி, வலி வரும் என்று தெரிந்த வேலைக்கு முன்னாலேயே எடுக்கலாம். கட்டிலை விட்டு இறக்கி நடக்கவைக்க வேண்டுமா, கொஞ்சம் முன்னதாக "ஒருக்கா அமுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவேன். இருமச் சொல்லும்போதும் அப்படித்தான். நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க அது பெரிய உதவி.

வேலை குறையுமா என்றால், சாவி தேடும் வேலை குறையும், பார்க்கும் வேலை கூடும். முதல் சில மணி நேரம் மூச்சு எத்தனை, ஆள் எவ்வளவு தூக்கத்தில், வலி எவ்வளவு, வாந்தி, அரிப்பு, பம்பில் எத்தனை போயிருக்கிறது என்று அடிக்கடி பார்த்து எழுத வேண்டும். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் என்பதை வாசித்ததும் எனக்கு அதுதான் இடித்தது.

2015இல் கொக்ரேன் அமைப்பு பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தது. பிசிஏ எடுத்தவர்களுக்கு வலி ஓரளவு குறைவு, திருப்தி கூட. ஆனால் மோர்பின் வகை மருந்து சற்று அதிகமாகவே போயிருக்கிறது, அரிப்பும் கூட. அற்புதம் ஒன்றும் இல்லை, கெட்டதும் இல்லை.

பழைய_சிஸ்டர்

நான் ஓய்வு பெற்றவள், ஆனாலும் வாய் சும்மா இருக்காது. லிந்துலைப் பிள்ளை, உன் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. இரண்டு பேர் நிற்கும் வாட்டில் பட்டனைக் கையில் கொடுத்தால், அந்தக் கட்டிலுக்குத்தான் முதலில் யாரும் போகமாட்டார்கள். "அவருக்குப் பம்ப் இருக்கு, பார்த்துக்கொள்வார்" என்று மனசு சொல்லிவிடும். ஊசி போடப் போகும்போது நாங்கள் கட்டுத்துணி நனைந்திருக்கிறதா, வயிறு உப்பியிருக்கிறதா, சிறுநீர் போனதா என்று நாலும் பார்த்துவிட்டு வருவோம். தையலுக்குள் இரத்தம் கசிவதைப் பல தரம் ஊசி போடப்போன இடத்தில்தான் கண்டுபிடித்தோம். அதை எந்தப் பம்ப் பார்க்கும்?

தியேட்டர்_தம்பி

சிஸ்டர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் வழக்குப் பேசுகிறேன் 🙂

நான் மயக்க மருந்துப் பகுதியில் வேலை. பம்ப் தோற்றுப்போன இடங்களில் அதிகம் நடப்பது இதுதான்: ரிகவரியில், அதாவது ஒபரேசன் முடிந்து மயக்கம் தெளியும் அறையில், நோயாளி வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போதே பட்டனைக் கொடுத்து வாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிசிஏ வலியைப் பிடித்து வைக்கும் கருவி, முதலில் இறக்கும் கருவி அல்ல. ரிகவரியிலேயே நாளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மோர்பின் கொடுத்து, "இப்ப பரவாயில்லை" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் பட்டன். இல்லாவிட்டால் காலித் தொட்டியைக் கரண்டியால் நிரப்புகிற கதை. பிறகு வாட்டில் இருப்பவர்கள் "இந்த மெஷின் சரியில்லை" என்பார்கள். வலியோடு வந்தால் பொறுப்பெடுக்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள். எங்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

இன்னொன்று, பம்பின் கணக்கை வாசிக்கப் பழகுங்கள். எத்தனை தரம் அமுக்கினார், எத்தனை தரம் மருந்து போனது என்று இரண்டு எண் காட்டும். நாற்பது தரம் அமுக்கி பத்துத்தான் போயிருந்தால் ஒன்று அளவு போதவில்லை, அல்லது அவருக்கு விளங்கவில்லை. அதைப் பார்த்து "சும்மா சும்மா அமுக்குறாங்க" என்று ஏசுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த எண்தான் நோயாளியின் முறைப்பாடு. அதற்குப் போய் ஏசினால் எப்படி?

பதுளை_சாரல்

தம்பி சொன்ன அந்த ஏச்சு விஷயம்! எங்கள் பக்கம் அதுக்கு நேர்மாறு. அமுக்கவே மாட்டார்கள்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தனியார் இடத்தில் பம்ப் இருந்தது. கருப்பை எடுத்த ஒரு அம்மா, கொழுந்து பறிக்கிறவர். பம்ப் கணக்கைப் பார்த்தால் இரவு முழுக்க இரண்டே தரம். முகத்தைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். ஏம்மா அமுக்கவில்லை என்று கேட்டேன். முதலில் "தாங்கிக்கிறேன் மிஸ்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கதை கொடுத்த பிறகுதான் உண்மை வந்தது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் பில்லில் காசு ஏறும் என்று நினைத்திருக்கிறார். மகன் கொழும்பில் கடையில் நின்று அனுப்பிய காசு, அதைப் பட்டன் அமுக்கிக் கரைக்க மனசில்லை.

தோட்டத்தில் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளம் மட்டும் கொடுத்தாலும் வாய் திறக்காமல் பழகிய சனம் இது. வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால், மிஸ்ஸுக்கு எது பிடிக்குமோ அந்த எண்ணைச் சொல்வார்கள். நான் இப்போது எண்ணைக் கேட்பதில்லை. "இருமிக் காட்டுங்க, புரண்டு படுங்க, மூச்சை நல்லா இழுங்க" என்பேன். அதில் வலி எவ்வளவு என்று எனக்கே தெரிந்துவிடும்.

லிந்துலை_மிஸ்

சாரல், இதைத்தான் பயந்தேன். எங்கள் வாட்டில் தமிழ் பேசும் தாதி நானும் இன்னொருவரும்தான். மற்றவர்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் தமிழ் "வலிக்குதா, சாப்பிட்டதா" என்ற அளவோடு சரி. நான் லீவில் நின்றால் பட்டனை யார் விளங்கப்படுத்துவது? அட்டண்டன்ட் ஐயாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அவர் "வலிச்சா அமுக்கு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்.

லீட்ஸ்_அக்கா

ஒபரேசன் முடிந்து அரை மயக்கத்தில் இருப்பவருக்கு விளங்கப்படுத்துவதே பிழை. முதல் நாள் மாலை சொல்ல வேண்டும். பம்பைக் கொண்டுபோய்க் காட்டி, பட்டனைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்ல வேண்டும். இங்கே மொழி தெரியாதவர்களுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் எடுப்போம். உங்களுக்கு அது இல்லை என்றால், நீங்களே உங்கள் கைபேசியில் தமிழில் பேசிப் பதிந்து வையுங்கள், நீங்கள் இல்லாத நாளிலும் போட்டுக் காட்டலாம். காசு ஏறாது, பூட்டு இருக்கிறது, அதிகமாகப் போகாது, அமுக்கினால் யாரும் ஏசமாட்டோம், உங்களைத் தவிர வேறு யாரும் அமுக்கக் கூடாது. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் கேட்கத் தெரியும்தானே.

மஸ்கெலியா_மகன்

நான் தாதி இல்லை, மன்னிக்கவும். அம்மாவுக்குக் குடல் ஒபரேசன் நடந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) இந்தப் பட்டன் கொடுத்தார்கள். அம்மா தூங்கும்போது வலி வந்து முழிக்கக் கூடாது என்று நான் இரவெல்லாம் அமுக்கிக்கொண்டே இருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதுதானே செய்தேன்? இன்னொரு கேள்வி, மோர்பின் பழக்கமாகிவிடாதா?

தியேட்டர்_தம்பி

அண்ணா, கோபிக்க வேண்டாம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இந்தக் கருவியின் முழுப் பாதுகாப்பும் ஒரே விஷயத்தில் நிற்கிறது. மருந்து கூடினால் ஆளுக்குத் தூக்கம் வரும், தூங்குபவர் அமுக்கமாட்டார், மருந்து தானாக நின்றுவிடும். நீங்கள் அமுக்கினால் அந்தத் தடுப்பு போய்விட்டது. ஐந்து நிமிடப் பூட்டு மட்டும்தான் மிச்சம். அப்படிக் கணக்குப் போட்டால் மணிக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் வரை போகலாம். தூங்குகிற அம்மாவுக்கு அது மிக அதிகம். நான்கு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் என்று இன்னொரு எல்லை வைக்க முடியும், எல்லா இடத்திலும் வைப்பதில்லை. சொந்தக்காரர் அன்பில் அமுக்கி மூச்சு நின்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ஜொயின்ட் கமிஷன் 2004இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை விட்டது. அம்மா நலமாக வீடு வந்தது சந்தோஷம். உங்களிடம் சொல்லாமல் விட்டதுதான் பிழை, அது வாட்டின் பிழை.

பழக்கம் பற்றி: ஒபரேசன் வலிக்கு இரண்டு மூன்று நாள் பம்பில் எடுப்பவர் அடிமையாவது மிக அரிது. வீட்டுக்கு மாத்திரை வாரக்கணக்கில் கொடுத்து விடுவது வேறு விஷயம், அதில்தான் கவனம் வேண்டும்.

மஸ்கெலியா_மகன்

விளங்கியது தம்பி. பட்டனில் ஒரு சிவப்புத் துணியாவது கட்டி, "நோயாளி மட்டும்" என்று தமிழில் எழுதி விடுங்கள். நாங்கள் கேட்டு நடப்போம்.

இரவுக்கடமை

துணி கட்டினால் அது நேர்த்திக்கடன் என்று நினைத்து அதற்கும் கும்பிட்டுவிட்டு அமுக்குவார்கள் 😄

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஐசியுவில் நிற்கிறவள். எல்லோரும் விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவுக் கருவியை நம்புகிறீர்கள். நுவரெலியா மாதிரிக் குளிர் இடத்தில், 1,868 மீட்டர் உயரத்தில், ஆரோக்கியமான ஆளுக்கே எண் கொழும்பில் காட்டுவதை விடக் கொஞ்சம் குறையலாம். ஒபரேசன் முடிந்து விரல் சில்லிட்டுக் கிடந்தால் கருவி சரியாகப் பிடிக்காது, சும்மா அலறும். அலறி அலறி நாங்களும் அதைக் கவனிக்காமல் விடப் பழகிவிடுவோம். அது ஒரு பக்கம்.

மறு பக்கம் இன்னும் மோசம். மூக்கில் ஒட்சிசன் போட்டிருந்தால், மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்கு இறங்கிய பிறகும் எண் 98 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் நெஞ்சைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். அதற்கும் முன்னால் தூக்கத்தைப் பாருங்கள். மோர்பின் கூடினால் பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே ஆள் மந்தமாகிவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து, பதில் முடிக்கும் முன் திரும்பவும் மூடினால் பட்டனை வாங்கி வைத்துவிட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு எட்டுக்குக் கீழே போனால் மோர்பினை முறிக்கும் நலோக்ஸோன் கொடுக்கும் ஒழுங்கு பல இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்த மருந்து பம்ப் இருக்கும் வாட்டிலேயே இருக்க வேண்டும், பார்மசியில் அல்ல. அதன் வேலை மோர்பினை விடச் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து பேசினார் என்று விட்டுவிட்டுப் போனால் ஒரு மணி நேரத்தில் திரும்பவும் மந்தமாகலாம்.

குளிரில் நடுங்குபவரைப் போர்த்திச் சூடாக்குங்கள். நடுக்கத்தில் தையல் இழுபட்டு வலி இரட்டிப்பாகும், அதற்கும் சேர்த்து அமுக்குவார்.

மட்டு_மிஸ்

மட்டக்களப்பிலிருந்து வந்து மலையில் வேலை செய்கிறேன். எல்லோரும் பம்பைப் பற்றியே கதைக்கிறீர்கள். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திகதி குறித்த ஒபரேசன்களையே நிறுத்தி வைத்தார்கள், ஞாபகம் இருக்கா? பம்பை வாங்குவது ஒரு நாள் விழா. அதற்குரிய சிரிஞ்ச், பிரத்தியேகக் குழாய், திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு எல்லாம் மாதாமாதம் வர வேண்டும். அது வராவிட்டால் மெஷின் அலமாரிக்கு மேலே தூசி பிடிக்கும்.

சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போடும்போதே அதற்குள் கொஞ்சம் மோர்பின் சேர்த்து விடுகிறார்களே, ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவு. முதல் நாள் முழுக்க அது பெரும்பாலும் போதும். அதோடு பரசிட்டமோல் நேரத்துக்கு நேரம், டைக்குளோபெனக் ஒத்துக்கொள்பவருக்கு அது. பட்டனே தேவையில்லை. அரிப்புத்தான் தொல்லை, மூச்சையும் பார்க்கத்தான் வேண்டும். எங்கள் மாதிரி இடங்களுக்கு அதுதான் கட்டுபடியாகும் என்பது என் எண்ணம்.

தியேட்டர்_தம்பி

சிசேரியனுக்கு ஒப்புக்கொள்கிறேன். மேல் வயிற்றைத் திறந்தவருக்கும், மலைச்சரிவில் விழுந்து காலும் இடுப்பும் நொறுங்கி வந்தவருக்கும் அது போதாது.

வால்வு பற்றிச் சொன்னது தங்கமான வார்த்தை. சேலைனும் பம்பும் நாளத்தில் குத்தி வைத்த ஒரே கெனுலாவில் போகும்போது கெனுலா அடைபட்டால், மோர்பின் மேலே சேலைன் குழாய்க்குள் ஏறி நிற்கும். அடைப்பு விட்டதும் சேர்ந்த அத்தனையும் ஒரே தடவையில் உள்ளே போகும். வால்வு அதைத் தடுக்கத்தான். அதோடு பம்பை நோயாளியின் உயரத்துக்கு மேலே தொங்கவிடாதீர்கள். சிரிஞ்ச் சரியாகப் பொருந்தாமல் இருந்தால் மருந்து தானாக இறங்கிவிடும்.

பழைய_சிஸ்டர்

எல்லாம் வாசித்தேன். பிள்ளைகள் நன்றாகக் கதைக்கிறீர்கள். பம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குள்ள சந்தேகம் வேறு.

"நோயாளி கையில் கட்டுப்பாடு" என்கிறார்கள். அளவை எழுதுவது டொக்டர், பூட்டை வைப்பது மெஷின், சாவி எங்கள் இடுப்பில். நோயாளியிடம் இருப்பது "இப்போது" என்று சொல்லும் உரிமை மட்டும். அது சின்ன விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மிஸ்ஸைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக் கிடந்த பெண்களை எண்ணி முடியாது. ஆனால் அந்த உரிமையை மெஷின் இல்லாமலும் கொடுக்கலாம். நாங்கள் ஒரு காலத்தில் பெரிய ஒபரேசன் நடந்தவர்களிடம் மணிக்கொரு தரம் நாங்களாகப் போய்க் கேட்டோம். அவர் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. மருந்தும் கேட்டால் மட்டும் என்று இல்லாமல் நேரம் குறித்து எழுதவைத்தோம், நடுவில் தேவைப்பட்டால் மேலதிகமாக. வாட்டில் முனகல் சத்தம் குறைந்தது. அதற்குச் செலவு என்றால் எங்கள் கால்வலிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பம்பில் மிஞ்சிய மோர்பினை என்ன செய்வீர்கள்? 1929ஆம் ஆண்டு நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் மருந்து அது. பம்பைக் கழற்றும் நேரம் விடியற்காலை என்றால் கூட நின்று பார்த்துக் கையெழுத்து வைக்க யார் இருக்கிறார்கள்? இரண்டு பேர் நிற்கும் வாட்டில் ஒருவர் தியேட்டருக்கு நோயாளி கொண்டுபோயிருப்பார். கணக்கு பிசகினால் விசாரணை வருவது மெஷினுக்கு இல்லை, உனக்கு.

லிந்துலை_மிஸ்

சிஸ்டர், மிச்ச மருந்து விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

நான் இப்போது நினைப்பது இது. பம்ப் வந்தால் எல்லாக் கட்டிலுக்கும் வேண்டாம், தாதி மேசைக்கு நேரே தெரியும் முதல் நான்கு கட்டிலுக்கு மட்டும். மேல் வயிற்று ஒபரேசனும் பெரிய எலும்பு முறிவும் வந்தால் அங்கே. முந்தின நாள் மாலையே விளங்கப்படுத்தும் பொறுப்பை நானும் மற்றத் தமிழ் மிஸ்ஸும் எடுக்கிறோம், பதிவும் பேசி வைக்கிறோம். மற்றவர்களுக்கு சிஸ்டர் சொன்ன மணிக்கொரு கேள்வி. அதற்குப் பம்ப் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை, வருகிற கிழமையே தொடங்கலாம். இரவுக்கு மூன்றாவது ஆளைக் கேட்பேன், தருவார்களோ தெரியாது. ஆள் தராவிட்டால் நான்கு கட்டிலை இரண்டாக்கச் சொல்வேன்.

பதுளை_சாரல்

பதிவில் காசு ஏறாது என்பதை முதல் வரியாகப் போடுங்க அக்கா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் காதில் ஏறும்.

பழைய_சிஸ்டர்

இரண்டாக்கச் சொல்வேன் என்றாயே, அதை வாயால் சொல்லாதே. எழுத்தில் கொடு, பிரதி ஒன்று உன்னிடம் வைத்துக்கொள்.

லிந்துலை_மிஸ்

சரி சிஸ்டர். தம்பி, கடைசியாக ஒன்று. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் அடிக்கடி போகும், ஜெனரேட்டர் பிடிக்கவும் கொஞ்ச நேரம் ஆகும். பம்பின் பெட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

தியேட்டர்_தம்பி

மொடலுக்கு மொடல் வேறு. கைநூலில் போட்டிருப்பது புது பெட்டரிக்கு. வந்த அன்றே சிரிஞ்சில் சேலைன் மட்டும் நிரப்பி, பிளக்கைக் கழற்றி, யாருக்கும் பொருத்தாமல் மேசையில் ஓடவிட்டுப் பாருங்கள். இரவுக் கடமையில் போகிற வருகிற எல்லோரையும் பட்டனை அமுக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பெட்டரியும் தெரியும், அலாரம் எப்படி அடிக்கும் என்று எல்லோருக்கும் பழகியும் விடும்.